மண்டியிட்டவன் எழுந்திருக்க வேண்டும்

ஜூன் 5, திங்கள்

நேற்று ஆராதனை முடிந்ததும் போதகர் ஓர் அறிவிப்புச் செய்தார். செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் காலை ஜெபத்துக்குப் பிறகு சபை மண்டபத்தில் உடற்பயிற்சி வகுப்பாம். சரீரமும் ஓர் ஆலயம்தான் என்பதால் வகுப்புக்கு 'ஆலயப் பராமரிப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார். நிஜ ஆலயத்தின் கூரை ஒழுகுகிறது. மழை நாளில் பாடகர் குழு நடுவில் வாளியை வைத்துக்கொண்டுதான் பாடுகிறது. அதைப் பராமரிக்க ஆளைக் காணோம், வயிற்றைப் பராமரிக்கப் புறப்பட்டுவிட்டார்கள்.

போதகருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. அவருடைய வெள்ளை அங்கியைத் தைத்தவன் நான். வந்த புதிதில் எடுத்த அளவு இப்போது தொளதொளக்கிறது, இடுப்பில் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். மெலிந்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை பார்க்க வேண்டுமே! ஞானஸ்நானம் கொடுக்கும்போதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

வகுப்பெடுப்பது ஓர் அம்மாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் சிலுவைக்குப் பக்கத்திலேயே ஒரு விசிலும் தொங்குகிறது. இந்த நோட்டைப் பொறுத்தவரை அவர் பெயர் விசில்.

இவள், என் பெண்டாட்டி, முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கும் சேர்த்துக் கொடுக்கட்டுமா என்றாள். காலம்பூராவும் தையல் மெஷின் மிதிக்கிறவனுக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு என்றேன்.

"அதுக்கு மோட்டார் போட்டு எத்தனை வருஷமாச்சுங்க," என்றாள்.

ஜூன் 6, செவ்வாய்

தையல்காரன் பெண்டாட்டி கடையில் வாங்கிய எலாஸ்டிக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து போனாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடுப்பு என்பது அளந்து தைக்க வேண்டியது. எலாஸ்டிக் என்பது அளக்கத் தெரியாதவன் கண்டுபிடித்த வேலை. யார் போட்டாலும் பொருந்தும், ஒருவருக்கும் பொருந்தாது.

திரும்பி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "எத்தனை மாசம்தான் வாசல்லயே நிப்பீங்க?" என்றாள். நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

யாரும் படிக்கப்போவதில்லை, இங்கேயாவது எழுதிவிடலாம். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. பீடத்துக்கு முன்னால் ஒரு மரக்கிராதி இருக்கிறது. அதன் முன் வரிசையாக மண்டியிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வேண்டும். வாங்கியவர்கள் எழுந்து போனால்தான் அடுத்த வரிசை வரும். பிப்ரவரியில் நான் மண்டியிட்டேன், வாங்கினேன். எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டது. கிராதியைப் பிடித்து எழும்பலாம் என்று கையை வைத்தால், அதன்மேல் விரித்திருந்த வெள்ளைத் துணி வழுக்கிக்கொண்டு வந்தது. அது நான் தைத்துக் கொடுத்த துணி. வேறு வழியில்லாமல் கண்ணை இறுக மூடி ஜெபிக்கிறவன்போல் அப்படியே இருந்தேன். கடைசியில் இவள்தான் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். ஆராதனை முடிந்ததும் நாலு பேர் வந்து, உங்களைப்போல் ஜெபிக்க எங்களுக்கு வரவில்லையே என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அட மடையர்களே!

அதற்குப் பிறகு ஒவ்வொரு நற்கருணை அன்றும் வாசலில் நிற்கும் பொறுப்பை நானாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். முடியாதவர்களுக்கு முன்வரிசைப் பெஞ்சு உண்டு, போதகரே கிண்ணத்தோடு இறங்கி வந்து கொடுப்பார். அங்கே காது கேட்காத இரண்டு பெரியவர்களும் கைத்தடி அம்மாள் ஒருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் பார்க்க அந்தப் பெஞ்சில் போய் உட்காருவதைவிட நான் வாசலிலேயே காய்ந்து போவேன்.

ஜூன் 8, வியாழன்

இன்றும் போனாள்.

ஜூன் 17, சனி

மண்டபத்துத் திரைச்சீலைக்கு அளவெடுக்கும் சாக்கில் போய் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

நேற்றுவரை சங்கீதம் பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாயில் மல்லாந்து கிடந்து காலை ஆட்டுகிறார்கள். பாட்டுப்பெட்டியில் நம்முடைய பழைய கீர்த்தனை ஒன்றே ஓடுகிறது, அடியில் டமடமவென்று மேளம் சேர்த்து. எழுதிய பக்தர் கேட்டால் எழுந்து வந்து அடிப்பார். போதகர் சிறுபிள்ளை மாதிரி உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, ஒவ்வொரு தடவையும் ஸ்தோத்திரம் என்கிறார். கடவுளுக்கு இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்க நேரமிருக்கிறதா?

பிறகு தரையிலிருந்து எழுந்திருக்கும் பாடம். ஆமாம், அதற்கும் பாடம். விசில் சத்தம் போட்டுச் சொல்கிறார்: "ஒரு காலை முன்னாடி வையுங்க. மூக்கு கட்டைவிரலுக்கு நேரா வரட்டும். அப்புறம் எழுந்திரிங்க." மூக்குக்கும் எழுந்திருப்பதற்கும் என்ன சம்பந்தம்? இவள் சொன்னபடியே மூக்கை நீட்டினாள். எழுந்தாள். கையை எங்கும் ஊன்றவில்லை.

விசில் என் பக்கம் திரும்பினார். "ஐயா, நாற்காலியிலேர்ந்து எழுந்திரிக்கும்போது மெஷின்மேல கை வைப்பீங்களா?"

"தையல்காரன் மெஷின்மேலதாம்மா கை வைப்பான்," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் என் முழங்காலையே பார்த்தார். அளவு எடுக்கிற பார்வை, எனக்குத் தெரியாதா.

ஜூலை 2, ஞாயிறு

வாசல். போதகர் பீடத்திலிருந்து என்னைத் தேடிப் பார்த்தார். நான் செருப்புகளை வரிசைப்படுத்தினேன்.

ஜூலை 5, புதன்

அங்கியை வாங்க வந்த போதகர் போகிற வழியைக் காணோம். நூல்கண்டை உருட்டிக்கொண்டே, மனதில் பாரம் இருந்தால் இறக்கி வைத்துவிட வேண்டும் என்றார். காணிக்கை வைக்கும் முன் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை என்மேல் ஒத்திகை பார்க்கிறார் என்று நினைத்து, நன்றாயிருக்கிறது, கொஞ்சம் சுருக்கலாம் என்றேன். மனுஷன் கண்கலங்கி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். என்ன பிறவியோ.

ஜூலை 9, ஞாயிறு

இன்று மாலை தம்பி வீட்டுக்கு வந்தான்.

அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு அவனும் நானும் பேசுவதில்லை. அன்று வேதபாடம் வாசிக்க வேண்டியவன் மூத்தவனான நான். சவப்பெட்டியில் வைக்கும் துணிக்கு ஓரம் அடித்துவிட்டு நான் வந்து சேர்வதற்குள் இவன் எழுந்து வாசிக்கத் தொடங்கிவிட்டான். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற வேலை அவனுக்கு. அம்மா எந்த நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்கிற மாதிரியே வாசித்து முடித்தான். அன்றோடு சரி. நான் காலை ஆராதனை, அவன் மாலை ஆராதனை. அங்கே மண்டியிடும் வழக்கமே கிடையாது. இளவட்டங்களுக்காக ஏற்படுத்தியது, டிக்கெட் எடுப்பதுபோல் வரிசையில் நின்றபடியே நற்கருணை வாங்கிக்கொண்டு போவார்கள்.

உட்கார்ந்தான். தண்ணீர் குடித்தான். பிறகு அந்தப் பெரிய குரலில்:

"அண்ணே, என்னாலதான் நீங்க நற்கருணை எடுக்காம இருக்கீங்கன்னு போதகர் சொன்னாரு. மனசுல கசப்பை வச்சுக்கிட்டு எடுக்கக் கூடாதுன்னு வாசல்லயே நின்னுடறீங்களாமே. அன்னைக்கு நீங்கதான் வாசிச்சிருக்கணும். தப்பு என்னோடது."

அழுதுவிட்டான். சமையலறை வாசலில் இவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியும்.

இவனோடு பேசாமல் இருந்த இத்தனை வருஷமும் நான் மாதம் தவறாமல் மண்டியிட்டு வாங்கியிருக்கிறேன். கசப்பு அப்படியே இருந்தது, ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. அப்போது ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. முழங்கால் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

முழங்காலைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அழுது முடித்தவனிடம் எப்படிச் சொல்வது? "பரவாயில்ல விடு," என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன். அவன் வாசல்வரை போய்த் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அடுத்த நற்கருணைக்கு நான் காலையிலேயே வந்துடறேன். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல மண்டி போடுவோம்ணே."

ஜூலை 10, திங்கள்

ஆகஸ்ட் ஆறாம் தேதி நான் போகாவிட்டால் இன்னும் மன்னிக்கவில்லை என்று நினைப்பான். போனால் எழுந்திருக்க மாட்டேன். ஊர் உலகத்தில் எவனுக்காவது இப்படி ஒரு சிக்கல் வந்திருக்குமா?

இவளிடம் சீறினேன். போதகர் இப்படி உளறிக்கொண்டு திரிவது உனக்குத் தெரியும்தானே, முழங்கால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நல்லதுதானே நடக்குதுன்னு விட்டுட்டேன்," என்றாள். நமட்டுச் சிரிப்பு வேறு.

ஜூலை 11, செவ்வாய்

மதியம் கடைக்கதவைச் சாத்திவிட்டு ஒத்திகை பார்த்தேன். மண்டியிட்டேன். பூட்டிக்கொண்டது. இஸ்திரி மேசைவரை தவழ்ந்து போய் அதைப் பிடித்து எழுந்தேன். கிழக் கழுதை.

ஜூலை 13, வியாழன்

போனேன். கடைசி வரிசையில், சுவர் ஓரமாக. போதகர் கைதட்டி வரவேற்றார், எல்லாரும் தட்டினார்கள். தொலைந்துபோன ஆடு திரும்பி வந்துவிட்டதாம்.

நான் எலாஸ்டிக் போடுவேனா? நானே வெட்டி நானே தைத்த நல்ல கால்சட்டையில் போனேன். பாட்டு தொடங்கியது. விசில் ஊதினார். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். கவட்டுத் தையல் பின்னாலிருந்து முன்வரை டர்ரென்று பிரிந்தது. அந்த நேரம் பார்த்தா பாட்டு முடிய வேண்டும்? மண்டபம் முழுக்கக் கேட்டது. என் கையால் போட்ட இரட்டைத் தையல்.

மானம் கப்பலேறியது. இவள் தன் துண்டை நீட்டினாள். இடுப்பில் கட்டிக்கொண்டு மீதி நேரம் பூராவும் நின்று செய்தேன். பாதியில் ஓடிப்போனால் பயந்துவிட்டேன் என்பார்கள்.

ஜூலை 14, வெள்ளி

கவட்டில் முக்கோணத் துண்டு வைத்துத் தைத்தேன். இப்போது எப்படி வேண்டுமானாலும் உட்காரலாம். மண்டபத்தில் உள்ள ஒருவருடைய கால்சட்டையிலும் இந்த வேலைப்பாடு கிடையாது.

ஜூலை 25, செவ்வாய்

நாற்காலியிலிருந்து கை வைக்காமல் எழுந்துவிடுகிறேன். தரையிலிருந்து இல்லை. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு விசிலிடம் விஷயத்தைச் சொன்னேன். முதல் ஞாயிறு, தம்பி, கிராதி எல்லாம். அவர் சிரிக்கவில்லை. அதற்காக மட்டும் அவரை மதிக்கலாம்.

"அதுக்குள்ள ஆகாதுங்கய்யா," என்றார். "தொடையில பலமே இல்ல. இன்னும் ரெண்டு மூணு மாசம் விடாம வந்தா எழுந்திரிப்பீங்க. இப்போதைக்கு யாராவது தோள் குடுத்தா முடியும்."

தோளுக்கு எங்கே போவேன்? ஒரு பக்கம் தம்பி. அவனிடம் கேட்பதற்குச் சாகலாம்.

ஆகஸ்ட் 5, சனி

நாளை. கர்த்தாவே, எத்தனையோ பேருக்கு எத்தனையோ அற்புதம் செய்கிறீர். நான் கேட்பது ஒரே ஒரு முழங்கால்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தம்பி புதுச் சட்டையில் வந்தான். காலர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உட்காரவில்லை, கடைச் சட்டை. வரிசை வந்தது. பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டோம். போதகர் எங்களிடம் வந்தபோது குரல் தழுதழுத்தது. அப்பம் வாங்கினோம். கிண்ணம் வந்தது. வாங்கினோம். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

நான் எழவில்லை. இவன் முதலில் எழுந்து போய்விடட்டும், பிறகு எப்படியோ சமாளிக்கலாம் என்று கண்ணை மூடிக் காத்திருந்தேன். போகவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவனும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

"அண்ணே, எழுந்திரிக்க முடியல. முட்டி பூட்டிக்கிச்சு."

அவனுக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. முன்வரிசையில் காது கேட்கிற மனிதர்கள் இருந்திருந்தால் அத்தோடு கதை கந்தலாகியிருக்கும்.

அம்மாவுக்கும் இதே முழங்கால். கடைசிக் காலத்தில் அவளை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் கட்டிலிலிருந்து எழுப்புவோம். அதைக் கிராதிக்கு முன்னால் நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்துவிட்டது.

பின்னால் சபையே மூக்கை உறிஞ்சுகிறது. அண்ணனும் தம்பியும் ஒப்புரவாகி உருகி ஜெபிக்கிறார்களாம். பாடகர் குழு பாட்டை முதலிலிருந்து மறுபடி எடுத்தது.

"வலது காலை முன்னாடி வை," என்றேன்.

"என்னது?"

"பேசாத. காலை முன்னாடி வை. கையை என் தோள்மேல போடு. மூக்கு கட்டைவிரலுக்கு நேரா வரட்டும்."

"மூக்கு எதுக்குண்ணே?"

"வரட்டும்னா வரட்டும்டா."

என் கை அவன் தோளில், அவன் கை என் தோளில். இரண்டு பேரும் மூக்கை நீட்டினோம். எழுந்துவிட்டோம். பாடகர் குழுவில் நின்ற விசில் மட்டும் பாட்டை நிறுத்திவிட்டு எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நான் தைத்த அங்கியின் கையால்.

வெளியே வந்ததும் அவனைச் சுவர் ஓரமாகக் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன். கசப்பு இருந்தது, ஆனால் வாசலில் நின்றது அதனால் இல்லை, முழங்காலால் என்றேன். போதகர் தானாகக் கட்டிய கதை அது என்றேன்.

அவன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "அப்ப அன்னைக்குப் பரவாயில்லன்னு சொன்னது?"

"உன்னைக் கிளப்பி அனுப்பறதுக்கு."

முகம் சுருங்கிவிட்டது. அந்த முகத்தைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும், இப்போது முதுகைக் காட்டிவிட்டு நடந்துவிடுவான் என்றும் தெரியும். நடக்கவில்லை.

"இப்ப?" என்றான்.

"இப்ப செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வா. நாளைக்குக் கடைக்கு வந்து அளவு குடுத்துட்டுப் போ. எலாஸ்டிக்கெல்லாம் கிடையாது."

ஆகஸ்ட் 8, செவ்வாய்

வந்தான். விசிலுக்குப் பதிலாக இவனே எண்ணிக்கை சொல்கிறான், தாமதமாக வரும் ரயிலுக்குச் சொல்கிற மாதிரி. காதைப் பொத்திக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 3, ஞாயிறு

சேர்ந்து மண்டியிட்டோம், சேர்ந்து எழுந்தோம். என் தோளில் அவன் பாரம் போன மாதத்தைவிட அதிகம். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 13, புதன்

எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். தம்பியின் முழங்காலில் உள்ளே தேய ஒன்றும் மிச்சமில்லையாம். நடக்கலாம், நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் பயிற்சி செய்யலாம். மண்டியிடவே கூடாதாம்.

மாலை ஆராதனைக்கே திரும்பிப் போய்விடு, அங்கே நின்றபடி வாங்கலாம் என்றேன்.

"அங்க நீங்க இல்லையேண்ணே," என்றான். ரயில் நிலையத்தில் வேலை பார்க்கிறவனுக்கு இவ்வளவு அசட்டுத்தனம் ஆகாது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 28, வியாழன்

இன்று தரையிலிருந்து எழுந்தேன். தோள் இல்லை, சுவர் இல்லை, கை ஊன்றவில்லை. விசில் ஊதினார். போதகர் ஸ்தோத்திரம் என்று கத்தினார். எனக்கும் வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

இவள் வழியெல்லாம் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை தனியாக மண்டியிட்டுத் தனியாக எழுந்து வரப்போகிறேன், எல்லாரும் பார்க்கட்டும்.

அக்டோபர் 1, ஞாயிறு

நான் உள்ளே போனபோது தம்பி முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். காது கேட்காத பெரியவர்களுக்கும் கைத்தடி அம்மாளுக்கும் நடுவில், நான் தைத்துக் கொடுத்த கால்சட்டையில், தலையைக் குனிந்துகொண்டு. அவனுடைய பின்கழுத்து சிவந்திருந்தது. அந்தப் பெஞ்சில் உட்காருகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஐந்து மாதம் அதை நினைத்தே வாசலில் நின்றவன் நான்.

வரிசைகள் கிராதிக்குப் போகத் தொடங்கின. என் வரிசையும் எழுந்தது. நானும் எழுந்தேன், நடந்தேன். முன்வரிசை வந்ததும் கைத்தடி அம்மாளைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. நல்லவேளை, கேட்டிருந்தால் சபைக்கே கேட்டிருக்கும்.

போதகர் கிண்ணத்தோடு இறங்கி வந்தார். என் முன்னால் குனிந்து, மெதுவாக, "வியாழக்கிழமை நல்லா எழுந்திரிச்சீங்களே?" என்றார்.

"இன்னைக்கு வலிக்குது போதகரே," என்றேன்.

கிண்ணத்தைக் கையில் வைத்திருந்த மனிதரிடம் பொய் சொல்லிவிட்டு, அதே வாயால் குடித்தேன். அவருடைய அங்கியில் கீழ்மடிப்பு ஓரிடத்தில் பிரிந்து தொங்குகிறது. நாளைக்குக் கடைக்குக் கொடுத்தனுப்பச் சொல்ல வேண்டும்.